சோளகத்தில் பறக்கவிட்டேன்

கிளிநொச்சியில் வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனை ஓட்டுகிற பெண் என்று என்னைப் பற்றி ஒருமுறை பத்திரிகையில் வந்தது. படத்தில் நான் தொப்பி போட்டு, கையில் ரிமோட்டுடன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உண்மையில் மருந்தடிக்கும்போது யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. ட்ரோன் பயிருக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில்தான் போகும். கண் முழுக்க வயலிலும் ரிமோட்டின் திரையிலும்தான் இருக்கும். படம் எடுக்க வந்தவர் அப்படி நிற்கச் சொன்னார், நின்றேன். அம்மா அந்தப் பக்கத்தை வெட்டிக் கண்ணாடி போட்டு விறாந்தையில் மாட்டியிருந்தா. இரண்டு வருடங்களுக்கு முன் அதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்றேன். வெள்ளை அடிக்கவில்லை. அம்மாவும் பிறகு கேட்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு நான் கலியாண வீடுகள் வழியாக வந்தவள். படித்து முடித்ததும் வவுனியாவில் ஒரு ஸ்ரூடியோவில் கணினியில் படங்களைத் திருத்தும் வேலை கிடைத்தது. அங்கே ட்ரோன் ஓட்டிக்கொண்டிருந்தவர் வெளிநாடு போனதும், அடுத்த ஆள் கிடைக்கும்வரை என்று முதலாளி அதை என்னிடம் தந்தார். அடுத்த ஆளை அவர் தேடவேயில்லை. பூநகரியில் ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்தைச் சுற்றி எடுக்கப் போய், ட்ரோனைக் கொண்டுபோய்ப் பனை வட்டுக்குள், உச்சி ஓலைகளுக்கு நடுவே, செருகிவிட்டேன். மரம் ஏறத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து அதை இறக்கும்வரை மாப்பிள்ளை வெயிலில் நின்றார். புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டில், அது சத்தத்தோடு எழும்பியதும் பந்தலில் இருந்த வயதான சிலர், போர்க்காலத்து வேவு விமானத்தின் இரைச்சலைக் கேட்டவர்கள், எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்கள். அதன்பிறகு எங்கே போனாலும், பறக்கவிட முன் வீட்டுக்காரரிடம் சொல்லி, எல்லாருக்கும் தெரிந்த பின்தான் விடுவேன். நான் கவனமில்லாதவள் அல்ல என்று காட்டத்தான் இதை எழுதுகிறேனோ தெரியவில்லை. இருக்கலாம்.

வயலுக்கு அடிக்கும் பெரிய ட்ரோனைப் பழகத் தெற்கில் ஒரு பயிற்சிக்குப் போனேன். அங்கே நான் ஒருத்திதான் பெண், நான் ஒருத்திதான் தமிழ். முதல் நாளே படிப்பித்தவர் தண்ணீரை விசிறிக் காட்டிச் சொன்னது, சிங்களம் பாதிதான் தெரிந்தும், எனக்கு விளங்கியது: துளி எவ்வளவு சிறிதோ, காற்று அதை அவ்வளவு தூரம் கொண்டுபோகும். திரும்பிவந்து அனுமதிப்பத்திரம் எடுத்தேன். அப்பா தன்னுடைய உழவு இயந்திரத்தை விற்றார். ஒரு உதவித் திட்டத்தில் மிச்சம் கிடைத்தது. ட்ரோன் வந்தது.

அப்பா சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்துக் காணிக்கு வந்தவர். முப்பது வருடம் மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து வயலுக்குள் நடந்தவர். தோளில் வார் பட்ட இடத்தில் தோல் கறுத்துத் தடித்திருக்கும். எங்கள் ஓட்டோவின் பின்சீற்றைக் கழற்றி, ட்ரோனையும் பற்றரிகளையும் சின்ன ஜெனரேற்றரையும் ஏற்றிக்கொண்டு அவர்தான் ஓட்டிவருவார். மருந்து கலப்பதும் அவர்தான்.

முதல் போகம் ஒருவரும் கூப்பிடவில்லை. "பொம்பிளைப் பிள்ளை ஓட்டி என்ர வயல் எரிஞ்சா ஆர் பொறுப்பு?" என்று ஒருவர் அப்பாவிடம் நேரேயே கேட்டார். எங்கள் வயலுக்கு அடித்துக் காட்டினேன். வரம்பில் நின்று பார்த்தவர்கள், களை செத்ததையும் நெல் பச்சையாக நின்றதையும் பார்த்தபின் ஒவ்வொருவராக வந்தார்கள். இரண்டாம் போகத்தில் பூநகரி, நெடுங்கேணி என்று தூரத்தில் இருந்தெல்லாம் அழைப்பு வந்தது. விடியப்புறம் தொடங்கி, தென்னோலை ஆடத் தொடங்கினால் நிறுத்திவிடுவேன். நிறுத்தியதற்காக ஏச்சும் வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு நாள் மட்டும் நிறுத்தவில்லை.

அது சிறுபோகம். நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு பெரிய கமக்காரரின் வயல். நான் அவரை ஐயா என்பேன், அவர் என்னை மகள் என்பார். அன்று காலை ஜெனரேற்றர் இயங்க மறுத்தது. அப்பா அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டி, பற்றரிகள் சார்ஜ் ஏறி முடிய ஒன்பது மணி தாண்டிவிட்டது. அதற்குள் சோளகக் காற்று எழும்பிவிட்டது. அந்த மாதங்களில் தென்மேற்கில் இருந்து வருகிற அந்தக் காற்று எழும்பினால் பின்னேரம்வரை விடாது. வயலின் வடகிழக்கு மூலையில் ஒரு கிளுவை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மிளகாய்த் தோட்டம், பூவும் பிஞ்சுமாக நின்றது.

"பிள்ளை, சோளகம் எழும்பிட்டுது. நாளைக்கு வெள்ளன வருவம்," என்றார் அப்பா.

ஐயாவுக்கு அது கேட்டுவிட்டது. "நாளைக்கோ? வயல் தண்ணியை வடிய விட்டிட்டு நிக்கிறன். நாளைக்குப் பின்னேரம் வாய்க்கால்ல என்ர முறை. மருந்து அடிச்சு ஒரு நாளெண்டாலும் காய விடோணும். இந்த முறையை விட்டா எட்டு நாள் பொறுக்கோணும், அதுக்குள்ள களை நெல்லை மூடிப்போடும்." பிறகு குரலைத் தாழ்த்தி, கோபமில்லாமல்தான் சொன்னார்: "ஏலாதெண்டா முதலே சொல்லியிருக்கலாம் மகள். நான் ஒரு ஆம்பிளைப் பெடியனைப் பாத்திருப்பன்."

"அடிப்பம் ஐயா," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மருந்தைக் கலக்கத் தொடங்கினார். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்து அது. நெல்லை ஒன்றும் செய்யாது. மிளகாயும் அகன்ற இலைச் செடிதான்.

திரையில் காற்று எச்சரிக்கை மஞ்சளாக வந்தது. விரலால் தள்ளிவிட்டேன். திரும்பவும் வந்தது, திரும்பவும் தள்ளினேன். கடைசிப் பாத்தி வேலியோரமாகப் போனது. ட்ரோனுக்குக் கீழே விழ வேண்டிய மருந்துத் தூவானம் விழாமல், அடுப்புப் புகை மாதிரிச் சரிந்து எழும்பி, கிளுவைகளுக்கு மேலால் போனதை நான் கண்டேன். காணவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. அந்தப் பாத்தியை இடையில் விட்டிருக்கலாம். ஐயா வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில், மாங்குளம் சந்தியில் தேத்தண்ணி குடிக்கையில், "அந்தத் தோட்டம் ஆரின்ர?" என்று மட்டும் அப்பா கேட்டார். தெரியாது என்றேன்.

ஐந்து நாள் கழித்து, அதே ஊரில் இன்னொருவரின் வயலுக்குப் போயிருந்தோம். வேலை முடிந்து சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றா. நாற்பது வயதிருக்கும். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தா. மலைநாட்டில் இருந்து ஒரு காலத்தில் அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பம் அவாவுடையது. வாய்ப்பேச்சில் அந்தப் பக்கத்துச் சாயல் இன்னும் இருந்தது. கணவர் வவுனியாவில் மேசன் வேலை, கிழமைக்கு ஒருநாள்தான் வருவார். காணிக்கு இன்னும் பத்திரம் கிடைக்கவில்லை. தோட்டம் முழுக்க அவாவின் கைவேலை. இதையெல்லாம் பிறகு தோட்டத்துக்கு நடந்துகொண்டே சொன்னா.

"பேப்பர்ல உங்களைப் பாத்தேன் தங்கச்சி. நீங்க இதெல்லாம் படிச்சவங்க. என் மிளகாக் கன்னுக்கு என்னமோ ஆயிருச்சு. ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்க."

போனேன். அப்பா ஓட்டோவோடு நின்றுவிட்டார்.

வேலியோரத்துக் கன்றுகளின் நுனிகள் யாரோ பிடித்து முறுக்கிவிட்டதுபோல வளைந்திருந்தன. இலைகள் ஒடுங்கிச் சுருண்டிருந்தன. வேலியில் படர்ந்த பயற்றங்கொடிக்கும் அதே முறுக்கல். மூலையில் நின்ற பப்பாசியின் குருத்து விரல்போல ஒடுங்கிவிட்டது. ஒரே நோய் மிளகாயையும் பயற்றையும் பப்பாசியையும் ஒரே கிழமையில் பிடிக்காது. வேலியில் இருந்து உள்ளே போகப் போகப் பாதிப்புக் குறைந்து, தோட்டத்தின் நடுவுக்கு அங்கால் கன்றுகள் நன்றாகவே நின்றன. பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. படிப்பித்தவர் காட்டிய படங்களில் இருந்தது அப்படியே கண்முன்னால் நின்றது.

"இது இலைச்சுருட்டல் வருத்தம் அக்கா," என்றேன்.

"மருந்து இருக்குங்களா?"

"இந்த வருத்தத்துக்கு மருந்தில்லை. பிடுங்கி எரிச்சு விடுங்கோ. இல்லாட்டி மற்ற ஆக்களின்ர தோட்டத்துக்கும் பரவும்."

அவா நல்லாய் நின்ற பக்கத்தைத் திரும்பிப் பார்த்தா. "எல்லாத்தையுமா?"

"ஓம் அக்கா. எல்லாத்தையும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை எனக்கு நானே பலவிதமாக விளங்கப்படுத்திப் பார்த்திருக்கிறேன். பயத்தில் வாயில் வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை. விவசாயப் போதனாசிரியர் வந்து அந்தக் கன்றுகளைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்று நான் நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் சொன்னேன். எரிந்துபோன கன்றில் ஒருவரும் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது.

அவா எனக்கு நன்றி சொன்னா. ஒரு பையில் வெண்டிக்காய் போட்டுத் தந்தா. வாங்கினேன்.

ஓட்டோவில் ஏறியதும் அப்பா கேட்டார்: "என்னவாம்?"

"இலைச்சுருட்டல்."

"ஆர் சொன்னது?"

"நான்தான்."

அவர் வண்டியைக் கிளப்பினார். முப்பது வருடம் மருந்தடித்த மனிசனுக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியாமல் இருக்காது. ஆனால் வீட்டில் அம்மா வெண்டிக்காயைப் பார்த்து யார் தந்தது என்று கேட்டபோது, "அங்கை ஒரு தோட்டக்காரி, பிள்ளையில நல்ல விருப்பம்," என்றார். எனக்காக அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

சில கிழமைகளுக்குப் பிறகு ஐயாவின் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. களை நன்றாகச் செத்திருந்தது, அவருக்குச் சந்தோசம். இன்னும் இரண்டு பேரிடம் என்னைச் சொல்லி வைத்திருந்தார். கதையோடு கதையாக, வேலிக்கு அங்கால் தோட்டம் வெறுமையாகக் கிடப்பதைப் பற்றிக் கேட்டேன்.

"அவள் எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சுப்போட்டாள். எங்கையோ இருந்து வருத்தம் பிடிச்ச கண்டைக் கொண்டுவந்து நட்டிருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்திலயும் நாலு கண்டு சுருண்டுபோச்சாம். அவள் தண்ணி அள்ளுற கிணத்துக்காரன் இனி வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டான். மலைநாட்டுச் சனத்துக்குத் தோட்டம் செய்யத் தெரியுமோ?"

பக்கத்துத் தோட்டத்து நாலு கன்றும் என்னால் சுருண்டதா, வேறு காரணமா என்று எனக்குத் தெரியாது. அவாவுக்குச் சொந்தக் கிணறு இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். ஐயாவின் மனைவி தந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவ்வளவு சுகமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கதைக்கக் கூப்பிட்டார்கள். என் தொழிலைப் பற்றி, நான் எப்படி முன்னுக்கு வந்தேன் என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடையில் பூச்செண்டு தந்தார்கள். நான் கதைத்து முடிய, முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்.

"அக்கா, நீங்கள் எப்பவாவது பெரிய பிழை விட்டிருக்கிறியளா?"

பூநகரிப் பனைமரக் கதையைச் சொன்னேன். மாப்பிள்ளை வெயிலில் நின்றதை நடித்தும் காட்டினேன். மண்டபமே சிரித்தது. அதிபர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கேட்ட பிள்ளையும் சிரித்தாள். ஆனால் அவள் சிரித்து முடித்த பிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மிச்சக் கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றாமலே குசினி வாசலில் இருந்த அப்பாவிடம் போனேன். "அப்பா, நான் நெடுங்கேணிக்குப் போய் அந்த அக்காவிட்டைச் சொல்லப்போறன்."

"நானும் வாறன்," என்றார். "மருந்து கலந்தது நான்."

நாங்கள் போனபோது அவா முற்றத்தில் இருந்து கச்சான் கடலை ஆய்ந்துகொண்டிருந்தா. வேறொருவரின் தோட்டத்துக் கச்சான், கூலிக்கு. எங்களைக் கண்டதும் எழும்பிக் கதிரை எடுத்துவரப் போனா. இருக்கச் சொன்னால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்து, நின்றபடியே சொன்னேன். காற்று, மருந்து, வேலி, இலைச்சுருட்டல் என்று நான் சொன்ன பொய், பிடுங்கச் சொன்னது, ஏன் சொன்னேன் என்பது.

அவா கச்சான் செடியைக் கீழே வைத்தா.

"அன்னிக்கு எல்லாத்தையுமான்னு உங்ககிட்டக் கேட்டேன்."

"ஓம் அக்கா."

"அந்தப் பக்கத்துக் கன்னுக்கு ஒன்னுமே இல்லைதானே?"

"இல்லை. வேலியோரத்தில நிண்டதுகளும் கொஞ்சம் தளிர்த்திருக்கும்."

அவா திட்டுவா என்று நினைத்தேன். அதற்கு ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். அவா திட்டவில்லை. என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தா. அப்பா தலையைக் குனிந்தார். என் அப்பா இன்னொருவர் முற்றத்தில் அப்படி நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இழப்பை ஈடு செய்கிறோம், என்ன வேண்டுமானாலும் கேளுங்கோ என்று தொடங்கினேன். அவா கையைக் காட்டி நிறுத்தினா.

"அது பிறகு. என்கிட்ட வந்து மெதுவாச் சொல்லிட்டுப் போனா எனக்கு என்ன ஆகப்போகுது? நோயைக் கொண்டாந்தவள்னு இந்த ஊரே என்னைச் சொல்லுது. அவங்ககிட்டச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு."

கமக்காரர் அமைப்பின் கூட்டம். நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள், பெண்கள் நாலைந்து பேர்தான். விவசாயப் போதனாசிரியரும் வந்திருந்தார். அவா கடைசி வரிசையில் கதவோரம் இருந்தா. தலைவரிடம் கேட்டு எழும்பினேன். பள்ளிக்கூடத்தில் அவ்வளவு இலகுவாகக் கதைத்த வாய் அன்று ஒவ்வொரு சொல்லையும் தேடியது. முழுவதையும் சொன்னேன். பாதியில் அப்பாவும் எழும்பி என் பக்கத்தில் வந்து நின்றார், இருங்கோ என்று யாரோ சொல்லியும் இருக்கவில்லை.

ஐயாதான் முதலில் கதைத்தார். "நான் கட்டாயப்படுத்தினதெண்டு சொல்லுறியோ மகள்? ஏலாதெண்டு நீ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் துவக்கையோ தூக்கியிருப்பன்?"

"இல்லை ஐயா. பிழை என்ரதான்."

பின்னால் ஒரு குரல்: "அப்பவே சொன்னனான், பொம்பிளைப் பிள்ளையை நம்பி இந்த வேலையைக் குடுக்கப்படாதெண்டு." சிலர் சிரித்தார்கள். எந்தச் சொல்லுக்குப் பயந்து இவ்வளவையும் செய்தேனோ, அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து அதைச் சம்பாதித்துக் கொடுத்தவள் நான்தான்.

போதனாசிரியர் அந்த மருந்து எப்படி வேலை செய்யும், ஏன் முறுக்கும் என்று விளங்கப்படுத்தினார். தன்னை அப்போதே கூப்பிட்டிருந்தால் பாதித் தோட்டத்தையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார். அவர் முடித்ததும் கதவோரத்தில் இருந்து அந்த அக்கா எழும்பினா. என் பக்கம் திரும்பவேயில்லை. இரண்டாம் வரிசையில் இருந்த கிணற்றுக்காரரைப் பார்த்துக் கேட்டா:

"அண்ணே, இனித் தண்ணி எடுக்கலாங்களா?"

அவர் தன் கையில் இருந்த தாளை மடித்தார், விரித்தார். "எடுங்கோ," என்றார். "நாளைக்கே வாங்கோ."

அவா திரும்பக் கதிரையில் இருந்துவிட்டா. கூட்டம் உரமானியத்துக்குப் போனது.

ஈடு செய்வது பற்றிப் பிறகு போதனாசிரியரின் முன்னிலையில் கதைத்துக் கொடுத்து முடித்தோம். அடுத்த போகத்துக்கு அவா திரும்பவும் மிளகாய் நட்டா. எனக்கு அந்தப் பக்கத்து வேலைகள் எல்லாம் நின்றுபோயின. ஐயா பிறகு கூப்பிடவேயில்லை. கிளிநொச்சியிலும் பலர் விட்டுவிட்டார்கள். எங்களை நன்றாகத் தெரிந்த சிலர் மட்டும் விடவில்லை. அப்பா ஒருநாளும் அந்த உழவு இயந்திரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

போன சிறுபோகத்தில்தான் நெடுங்கேணியில் இருந்து ஒரு அழைப்பு வந்தது. அந்த மிளகாய்த் தோட்டத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன வயல். முதல்நாள் அவாவுக்குப் போன் எடுத்து, இன்ன நேரத்துக்கு அடிக்கப்போகிறேன் என்று சொன்னேன். சரி என்றா. விடியப் போனபோது வேலியோரம் வந்து நின்றா.

நான் காற்றை அளந்தேன். காற்றுமானியின் முள்ளு அசைந்தும் அசையாமலும் இருந்தது. தோட்டம் காற்று வருகிற பக்கம், மருந்து அங்கே போகாது, எந்தப் புத்தகத்தின்படி பார்த்தாலும் அடிக்கலாம். வயல்காரரும் அப்பாவும் என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா, அடிக்கட்டோ?" என்று கேட்டேன்.

அவா மரங்களைப் பார்த்தா. பிறகு நெடுநேரம் ட்ரோனைப் பார்த்தா.

"இன்னிக்கு வேணாம்," என்றா.

வயல்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் மானியைப் பைக்குள் வைத்து, பற்றரிகளைக் கழற்றத் தொடங்கினேன். அப்பா கலந்து வைத்த மருந்தை மூடிபோட்டு இறுக்கினார். நாங்கள் சாமான்களை ஏற்றி முடிக்கும்வரை அவா வேலியோரத்திலேயே நின்றா.